டிக்கி பெட்ஸும் டெரெக் ட்ரக்ஸும் ஒரே மேடையிலா? ஒரு வாசகருக்குப் பதில்

வட கரோலினாவின் சார்லட் நகரிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். பள்ளி நாட்களில் மிருதங்கம் கற்றவர், 1990களின் நடுவில் மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்து பேஸ் கிட்டாருக்கு மாறியவர். கடிதத்தின் சாரம் இது:

"நான் பேஸ் கற்றுக்கொண்டதே இந்தப் பக்கத்துச் சதர்ன் ராக் (அமெரிக்கத் தென் மாநிலங்களின் ராக் இசை) குழுக்களை நேரில் பார்த்துப் பார்த்துத்தான். ஆல்மன் பிரதர்ஸ், லினர்ட் ஸ்கினர்ட், கவர்ன்மென்ட் மியூல் என்று எத்தனையோ கச்சேரிகள். இப்போது என் மகள் கிட்டார் வாசிக்கிறாள். 'அப்பா, அதையெல்லாம் எழுதி வைங்க' என்கிறாள். எழுத உட்கார்ந்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. ஆல்மன் பிரதர்ஸ் கிட்டார் கலைஞர்களான டிக்கி பெட்ஸும் டெரெக் ட்ரக்ஸும் சேர்ந்து வாசித்ததைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம். அது நடக்கவே வாய்ப்பில்லை, யூடியூபில் பார்த்ததைச் சொல்கிறாய் என்கிறார் நண்பர். எது நேரில் கேட்டது, எது பிறகு கேட்டது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்னொன்று, ஸ்கினர்ட் கச்சேரிகளில் கான்ஃபெடரேட் கொடி பறக்கும். அதை எழுதுவதா, விட்டுவிடுவதா? கடைசியாக, பழைய ஆட்கள் யாருமே இல்லாத குழுவுக்கு மகளை அழைத்துப் போவதில் அர்த்தம் இருக்கிறதா?"

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஞாபகம் சரிதான். டெரெக் ட்ரக்ஸ் ஆல்மன் பிரதர்ஸில் உறுப்பினராகச் சேர்ந்தது 1999இல். அப்போது அவருக்கு இருபது வயது. டிக்கி பெட்ஸ் கடைசியாக அவர்களோடு வாசித்தது 2000 மே மாதத்தில். அதன்பிறகு மற்றவர்கள் அவருக்கு ஃபேக்ஸ் அனுப்பி, அந்தக் கோடைச் சுற்றுப்பயணம் அவர் இல்லாமலேயே நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, ஏறக்குறைய ஒரு வருடம் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அந்த வருடத்தில். இதில் இன்னொரு சாத்தியமும் உண்டு. டெரெக், அந்தக் குழுவின் ட்ரம்மர் புட்ச் ட்ரக்ஸின் சகோதரர் மகன். சிறுவனாக இருந்தபோதே அவர்களோடு மேடையேறி வாசித்தவர். உங்கள் ஞாபகத்தில் இருப்பவர் பதின்வயதுப் பையன் என்றால், வருடத்தை இன்னும் பின்னால் தள்ள வேண்டியிருக்கும்.

நான் அட்லாண்டா பக்கத்தில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன், மேடையிலும் வாசிக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் பழைய கச்சேரிகளைப் பற்றிப் பேச வரும்போது நான் முதலில் கேட்பது "எந்த வருடம்?" என்று அல்ல. "மேடையில் யார் யார் இருந்தார்கள்?" என்றுதான் கேட்பேன். வருடம் யாருக்கும் சரியாக ஞாபகம் இருப்பதில்லை. ஆனால் வாசிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்ற முகம் மறக்காது. ஆட்களை வைத்துக் காலத்தைப் பிடித்துவிடலாம்.

ஆல்மன் பிரதர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் குழு மறுபடி கூடியபோது கிட்டாரில் டிக்கிக்கு இணையாக வாரன் ஹேன்ஸ், பேஸில் ஆலன் வுடி. இந்த இருவரும் 1994இல் கவர்ன்மென்ட் மியூலைத் தொடங்கி, 1997இல் ஆல்மன் பிரதர்ஸிலிருந்து விலகினார்கள். அந்த இடத்தில் கிட்டாருக்கு ஜாக் பியர்சனும் பேஸுக்கு ஓடில் பர்பிரிட்ஜும் வந்தார்கள். பியர்சனுக்குப் பிறகு டெரெக். டிக்கி விலகிய கோடையில் ஜிம்மி ஹெரிங். 2001இலிருந்து வாரனும் டெரெக்கும், 2014 அக்டோபரில் குழு கடைசியாக வாசித்த இரவு வரை. நீங்கள் பேஸ் வாசிப்பவர், உங்களுக்கு இது இன்னும் சுலபம். ஓடில் சில நேரம் தன் சோலோவோடு (தனி வாசிப்பு) சேர்ந்து அதே சுரங்களை வாயால் பாடுவார். அதைக் கேட்ட ஞாபகம் இருந்தால் 1997க்கு முன்னால் இருக்க முடியாது.

ஸ்கினர்டிலும் அப்படித்தான். விதவிதமான தொப்பி போட்டு, பேஸில் தனியாக ஒரு மெட்டையே ஓட்டிக்கொண்டிருந்த லியான் வில்கிசனைப் பார்த்தீர்கள் என்றால், அது 2001 ஜூலைக்கு முன்னால். அவர் அப்போது இறந்துபோனார். அவுட்லாஸ் குழுவின் ஹ்யூயி தாமசன் அவர்களோடு நின்றிருந்தால் 1996க்கும் 2005க்கும் இடையில். பியானோவில் பில்லி பவல் இருந்தால் 2009க்கு முன்னால். இவற்றை வைத்து உங்கள் கச்சேரிகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம்.

இனி, கலந்துபோனதை எப்படிப் பிரிப்பது என்ற உங்கள் முக்கியமான கேள்வி. இதில் இரண்டு குழுக்களையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது என்பது என் கருத்து. அவர்கள் வாசித்த விதம் அடிப்படையிலேயே வேறு.

ஸ்கினர்ட் தங்கள் சோலோக்களை எழுதிவைத்த மாதிரி வாசித்தவர்கள். ஃபுளோரிடாவில் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு குடிசையில், வெயிலில் வெந்துகொண்டே, நாள் முழுக்கப் பயிற்சி செய்வார்கள். சூடு தாங்காமல் அந்த இடத்துக்கு நரக வீடு என்றே பெயர் வைத்திருந்தார்கள். மூன்று கிட்டார்கள், ஒன்றின் வழியில் ஒன்று குறுக்கிடாது. யார் எப்போது எந்தச் சுரத்தைத் தொட வேண்டும் என்பது மேடைக்கு வருமுன்பே முடிவாகியிருக்கும். 1973இல் ஜார்ஜியாவில் டோராவில் என்ற ஊரின் 'ஸ்டுடியோ ஒன்' கூடத்தில் பதிவான சோலோவை இருபது வருடம் கழித்தும் ஏறக்குறைய அப்படியே கேட்டிருப்பீர்கள். அதனால் அங்கே உங்கள் ஞாபகமும் இசைத்தட்டும் ஒட்டிக்கொள்வது இயல்பு. அதைப் பிரிக்கப் போராடாதீர்கள். சுரங்களை விடுங்கள், அந்த மூன்று பேரும் எப்படி நின்றார்கள், யார் யாரைப் பார்த்துத் தலையசைத்தார்கள், கடைசிப் பாட்டில் வேகம் ஏறும்போது ட்ரம்மரின் தோள் என்ன ஆனது, உங்களைச் சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எழுதுங்கள்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி அவசியம் எழுதுங்கள். 1977 அக்டோபர் 20 அன்று மிசிசிப்பியில் கில்ஸ்பர்க் பக்கத்தில் எரிபொருள் தீர்ந்து அவர்களின் விமானம் காட்டுக்குள் விழுந்தது. பாடகர் ரானி வான் ஸான்ட், கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கெய்ன்ஸ், அவருடைய அக்கா காஸி கெய்ன்ஸ், இன்னும் மூன்று பேர் இறந்தார்கள். புதிய ஆல்பம் வெளியாகி மூன்றே நாள் ஆகியிருந்தது. 1987இல் உயிர்தப்பியவர்கள் ரானியின் தம்பி ஜானியோடு திரும்பி வந்தபோது, 'ஃப்ரீ பேர்ட்' பாடலை யாரும் பாடவில்லை. இசை மட்டும் வாசித்தார்கள், வரிகளைக் கூட்டம் பாடியது. பின்னாட்களில் ஜானி பாடத் தொடங்கிய பிறகும், அந்தப் பாட்டு வரும்போது கூட்டத்தில் ஒரு மாற்றம் தெரியும். நான் பார்த்தபோது, ஸ்கினர்டின் கிட்டார் கலைஞர் கேரி ராசிங்டன் முதல் ஸ்லைடு (விரலில் குழாய் மாட்டித் தந்தியில் வழுக்கி வாசிப்பது) சுரத்தை இழுத்ததும் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நிற்கிற நேரத்தில் அவர் மட்டும் உட்கார்ந்தார். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டால் நான் இசைத்தட்டில் கேட்டதைத்தான் சொல்வேன். அந்த அம்மாவை எந்த இசைத்தட்டும் எனக்குக் கொடுத்திருக்காது.

ஆல்மன் பிரதர்ஸ் கதையே வேறு. அவர்கள் ஒரே பாட்டை இரண்டு இரவு ஒரே மாதிரி வாசித்ததில்லை. 1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்டில் பதிவான அந்த நேரடி ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்துவிட்டு, முப்பது வருடம் கழித்து அதே நகரத்தின் பீக்கன் தியேட்டரில் உட்கார்ந்தால், பாட்டின் பெயர் ஒன்று, நடப்பது வேறு. அந்த அரங்கில் மட்டும் இருநூறு தடவைக்கு மேல் வாசித்திருக்கிறார்கள், பெரும்பாலும் மார்ச் மாதங்களில். நான் அங்கே கேட்டவற்றில் இன்றுவரை தெளிவாக இருப்பது ஒலி அளவு. 'எலிசபெத் ரீட்' நடுவில் ஒவ்வொருவராகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ட்ரம்மர் ஜெய்மோவின் சிம்பலும் க்ரெக் ஆல்மனின் ஹேமண்ட் ஆர்கனும் மட்டும் மிஞ்சின. ஆர்கனுக்குப் பின்னால் லெஸ்லி ஸ்பீக்கர் சுழல்வதால் வருகிற அந்த அலை அரங்கின் இடது பக்கத்திலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தது. டெரெக் ஓர் அசைவும் இல்லாமல் நின்றார். அவர் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பயன்படுத்துவதில்லை, வெறும் விரல். தந்திகளைத் திறந்த நிலையிலேயே ஈ மேஜர் ஒலிக்கும்படி சுருதி சேர்த்திருப்பார். வாசித்துக்கொண்டே சுண்டுவிரலால் ஒலி அளவைத் திருகிக்கொண்டிருப்பார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற வழியில் அவர் தங்கும் இடங்கள் இருக்கிறதே, கர்நாடக இசை கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அது உடனே பிடிபடும். சும்மா தற்செயல் இல்லை. அவர் அலி அக்பர் கானின் சரோதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர், கலிபோர்னியாவில் கான் நடத்திய இசைக் கல்லூரிக்கும் போனவர்.

உங்களுக்கு மிருதங்கம் தெரியும் என்பது இங்கே பெரிய வசதி. மற்றவர்கள் எழுத முடியாததை நீங்கள் எழுதலாம். 'விப்பிங் போஸ்ட்' தொடக்கத்தில் பேஸ் வருகிறதே, அது பதினோரு தட்டு: தகிட தகிட தகிட தக. அதை எழுதிய க்ரெக்குக்கே அது பதினொன்று என்று தெரியாது, அண்ணன் டுவேன் சொல்லித்தான் தெரிந்ததாம். முதல் தடவை நேரில் கேட்டபோது உங்கள் தொடையில் கை தானாகத் தாளம் போட்டிருக்கும். மூன்று மூன்றாகப் போய்க் கடைசியில் ஒன்று குறையும்போது உங்களுக்குள் என்ன நடந்தது என்று எழுதுங்கள். இரண்டு ட்ரம்மர்களைப் பற்றியும் எழுதுங்கள். புட்ச் பின்னாலிருந்து ரயில் மாதிரி தள்ளுவார், ஜெய்மோ ஜாஸ் பழக்கத்தில் இடைவெளிகளில் பேசுவார். தனி ஆவர்த்தனம் கேட்டவருக்கு இந்த இருவரின் உரையாடல் எப்படிப் பட்டது? நீங்கள் ஒருவர்தான் அதைச் சொல்ல முடியும், உங்கள் மகள் படிக்க விரும்புவதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். முதலில் எதையும் கேட்காமல், யூடியூபைத் திறக்காமல், ஒரு கச்சேரியை எடுத்துக்கொண்டு கையால் எழுதுங்கள். ஒழுங்கு வேண்டாம். எங்கே நின்றீர்கள், யாரோடு போனீர்கள், மழையா, ஒலி நெஞ்சில் இடித்ததா, எந்தப் பாட்டில் உங்கள் இடது கை சட்டைப் பையின் மேல் விரல் போட்டுப் பார்த்தது. தெரியாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள், நிரப்பாதீர்கள். எழுதி முடித்து சில நாள் போகட்டும். அப்புறம் பதிவுகளைத் தேடுங்கள். 2003 முதல் ஆல்மன் பிரதர்ஸ் கச்சேரி முடிந்த கையோடு அன்றைய பதிவையே சிடியாக விற்றார்கள், உங்களிடமே ஒன்றிரண்டு பரணில் கிடக்கலாம். கேட்கும்போது தோன்றுவதை வேறு மையில் ஓரத்தில் எழுதுங்கள். முதலில் எழுதியதைத் திருத்தவே வேண்டாம். மூன்றாவது பாட்டு என்று நீங்கள் எழுதியது பதிவில் ஏழாவதாக இருந்தால் அப்படியே இருக்கட்டும், ஓரத்தில் ஏழு என்று குறித்தால் போதும். உங்கள் மகளுக்கு இரண்டும் தெரிய வேண்டும். அந்தப் பாட்டு உங்களுக்கு ஏன் முன்னால் வந்துவிட்டது என்று அவளே யோசித்துக்கொள்வாள்.

கொடியைப் பற்றி. எழுதுங்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் நம் நிறத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாட்டு பிடித்துப்போய் உள்ளே நுழைந்து, வாகன நிறுத்தத்தில் வரிசையாகப் பறக்கிற கொடிகளைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ இறுகும். ஒரு நிமிடம் கழித்து அதே கொடி போட்ட சட்டைக்காரர் நம்மிடம் பேசி, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, தோளில் கைபோட்டுப் பாடவும் செய்வார். இரண்டும் நடந்தது. இரண்டையும் எழுத வேண்டும். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் கொடி அது, பின்னாளில் கறுப்பினத்தவரை மிரட்டியவர்கள் தூக்கிய கொடியும் அதுதான். தொடக்க காலத்தில் பதிவு நிறுவனம் விற்பனைக்காகக் கொண்டுவந்த யோசனை அது என்று குழுவினரே பின்னாட்களில் சொல்லியிருக்கிறார்கள். 2012இல் கேரி ராசிங்டன் ஒரு பேட்டியில், வெறுப்புக் குழுக்கள் அதைக் கைப்பற்றிவிட்டதால் விலகுவதாகச் சொன்னார். ரசிகர்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கினார். எனக்கு அந்தப் பின்வாங்கல் இன்றும் வருத்தம். அவ்வளவு அழகாக ஸ்லைடு வாசித்த மனிதர் சொன்ன சொல்லில் நின்றிருக்கலாம்.

சதர்ன் ராக் என்றாலே அந்தக் கொடிதான் என்று உங்கள் மகள் நினைத்துவிடவும் கூடாது. 1969இல் ஜாக்ஸன்வில்லில் ஆல்மன் பிரதர்ஸ் உருவானபோது ஆறு பேரில் ஒருவரான ஜெய்மோ மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர், சோல் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்குக்கு வாசித்தவர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வருடம்கூட முழுதாக ஆகாத தென் மாநிலங்களில் ஒரே வேனில் அவர்கள் சேர்ந்து பயணம் செய்தார்கள். ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் குடியேறிக் கையில் காசில்லாமல் இருந்தபோது எச் அண்ட் எச் என்ற சிறிய உணவகத்தில் லூயிஸ் ஹட்ஸன் என்ற கறுப்பின அம்மா கடனுக்குச் சோறு போட்டார். பிறகு குழு பெரிதானதும் அவரைச் சுற்றுப்பயணத்துக்கே அழைத்துப் போனார்கள். 2024 ஏப்ரலில் டிக்கியும் இறந்த பிறகு அந்த முதல் ஆறு பேரில் மிஞ்சியிருப்பவர் ஜெய்மோ மட்டும்தான்.

கடைசிக் கேள்வி. 2023 மார்ச்சில் ராசிங்டன் இறந்ததோடு ஸ்கினர்டில் தொடக்கத்திலிருந்தவர்கள் யாரும் இல்லை. இப்போது இருப்பவர்களில் ரிக்கி மெட்லாக் 1970களின் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் அவர்களுக்கு ட்ரம்ஸ் வாசித்தவர், ஜானி ரானியின் தம்பி. போகலாமா என்றால், ஒரு தடவை போகலாம். சோலோக்கள் எழுதிவைத்த மாதிரி இருப்பதால் நல்ல கைகள் அவற்றை வாசிக்கவும் முடிகிறது. ஆனால் ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் பணம் என்றால் என் தேர்வு அதுவல்ல. மகள் கிட்டார் வாசிக்கிறாள் என்றால் டெடெஸ்கி ட்ரக்ஸ் பேண்டுக்கு அழைத்துப் போங்கள். டெரெக்கும் மனைவி சூசன் டெடெஸ்கியும் 2010இல் தொடங்கியது. பன்னிரண்டு பேர் அளவுக்குப் பெரிய குழு, இரண்டு ட்ரம்மர்கள், ஊதுகருவிகள். சூசனும் கிட்டாரில் சோலோ எடுப்பார், கூச்சமே இல்லாமல் கடித்து இழுக்கிற ப்ளூஸ் கை. ஒரு பெண் பிள்ளை அதை நேரில் பார்ப்பது நல்லது. கொடி விஷயத்தை அவளோடு பேச வேண்டுமானால் டிரைவ்-பை ட்ரக்கர்ஸ். 2001இல் ஸ்கினர்டையும் தென்னகத்தின் பெருமையையும் வெட்கத்தையும் சேர்த்தே இரண்டு தட்டு ஆல்பமாகச் செய்தவர்கள் அவர்கள், மேடையிலும் மழுப்புவதில்லை. அட்லாண்டா ஃபாக்ஸ் தியேட்டரில் யாராவது வந்தால் அதற்காகவே வாருங்கள். 1929இல் திறந்த அரங்கம், கூரை இரவு வானமாக நட்சத்திரங்களோடு இருக்கும். இடிக்கப்படவிருந்த அந்த அரங்கில் 1976 ஜூலையில் ஸ்கினர்ட் மூன்று இரவு வாசித்து நேரடி ஆல்பம் பதிவு செய்தார்கள், அரங்கைக் காப்பாற்றும் முயற்சிக்கும் அது உதவியது.

இன்னொன்றும் செய்யலாம். மேக்கனுக்குச் சார்லட்டிலிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஆல்மன் பிரதர்ஸ் குடும்பங்களோடு வாழ்ந்த வைன்வில் அவென்யூ வீடு இப்போது பிக் ஹவுஸ் என்ற அருங்காட்சியகம். வாரத்தில் எந்த நாட்களில் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் நோட்டுப்புத்தகத்தைக் கூடவே எடுத்துப் போய், மகளை ஓட்டச் சொல்லிவிட்டு, வழியில் வாசித்துக் காட்டுங்கள். அவள் கேள்வி கேட்பாள், அப்போது இன்னும் பத்து விஷயம் ஞாபகம் வரும்.

அப்புறம், காதடைப்பான். உங்களுக்கும் அவளுக்கும் ஒவ்வொரு ஜோடி. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைப் பஞ்சு மேல் ஸ்தாயியை முழுக்க விழுங்கிவிடும், அதைப் போட்டுக்கொண்டு ஸ்லைடு கேட்பதில் பயனில்லை. இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கிற வகையை வாங்குங்கள். எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், பேஸும் தெளிவாகக் கேட்கும்.